கை பார்த்த பிஸ்டல்

எடிட்டோரியல் டீம்ல இருக்கிற ஜூனியர் ஒருத்தர் ரெண்டு மாசமா என்னை விடாம துரத்திக்கிட்டு இருந்தார். ஃபைனல் இயர் முடிச்சுப் போறதுக்குள்ள ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணா, ஆனா தமிழ்லதான் வேணும்னு. நான் எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். ஒற்றெழுத்து எங்க வரும், எங்க வராதுன்னு இன்னைக்கும் குழப்பம்தான். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

கட்டுரைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை. பட்டன் வச்ச பால்பாயின்ட் பேனா ஒண்ணை எடுங்க. கண்ணை மூடிக்கோங்க. இப்ப அதைக் கழட்டுங்க. முன்னாடி இருக்கிற கூம்பு, ஸ்ப்ரிங், ரீஃபில், பட்டன், உள்ள சுத்துற பல் வச்ச கேம். பாதிப் பேருக்கு ஸ்ப்ரிங் பெஞ்சுக்கு அடியில ஓடியிருக்கும். பரவாயில்ல, தேடி எடுங்க, ஆனா கண்ணைத் திறக்காம. இப்ப பக்கத்துல இருக்கிற ஃப்ரெண்டு கிட்ட ஒவ்வொரு பாகமா வாயால விவரிச்சு, அவரை ஸ்கேலுக்கு வரையச் சொல்லுங்க. ஸ்ப்ரிங் கம்பியோட தடிமன் உட்பட.

ஒரு மனுஷன் இதே வேலையை ஒரு பிஸ்டலுக்குச் செஞ்சார். இருக்கிற பிஸ்டலைக் கழட்டி இல்ல, அதுவரைக்கும் உலகத்துலயே இல்லாத ஒரு பிஸ்டலுக்கு. அவர் பேர் மிகயீல் விளாதிமிரொவிச் மார்கோலின். ஷூட்டிங் ரேஞ்ச் பக்கம் போனவங்களுக்கு அந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். ஆனா அவங்கள்லயும் பலருக்கு மார்கோலின்னா துப்பாக்கியோட பேர், மனுஷனோட பேர் இல்ல.

எனக்கு இவரைச் சொன்னது என் நண்பன். வேப்பம்பட்டுல எங்க தெருதான். பேர் வேண்டாம்னு அவனே சொல்லிட்டான். அவனுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. எட்டாவது படிக்கும்போது சாயங்காலம் கிரிக்கெட்ல பந்து தெரியலைன்னான், நாங்க சிரிச்சோம். பத்தாவதுல ராத்திரி ஸ்டேஷன் படிக்கட்டு தெரியலை. ப்ளஸ் டூ முடிக்கும்போது ஒரு ஸ்ட்ரா வழியா பார்க்கிற அளவுக்குத்தான் பார்வை. ஆனா எங்க பேட்ச்லயே மெக்கானிக்கல் எடுக்கணும்னு உண்மையிலேயே ஆசைப்பட்டது அவன் ஒருத்தன்தான். நான் கட்ஆஃப் இழுத்த இடத்துல போய் உட்கார்ந்தவன். அவன் வீட்டு மிக்ஸியையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் கழட்டி மாட்டுறவன்.

2022ல ரெண்டு மூணு காலேஜுக்கு அவனோட நானும் போய் விசாரிச்சேன். எல்லா இடத்துலயும் மரியாதையாதான் பேசினாங்க. லேத் இருக்கு, சூடான சிப் பறக்கும், டிராயிங் பேப்பர் இருக்கு, தம்பி வேற கோர்ஸ் பாருங்களேன். அதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். லேத்ல சக் கீயை எடுக்க மறந்துட்டு ஸ்விட்ச் போட்டா என்ன ஆகும்னு நமக்கெல்லாம் தெரியும். கண்ணு நல்லா இருக்கிற நானே ஒருமுறை மறந்திருக்கேன். ஆனா அந்த முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர்கூட அவன் கையில ஒரு பாகத்தைக் கொடுத்து இது என்னன்னு கேக்கலை. இப்ப அவன் சிட்டியில எகனாமிக்ஸ் படிக்கிறான். ரெண்டு பேரும் ஒரே திருவள்ளூர் லோக்கல்லதான் வீடு திரும்புவோம். போன வருஷம் ஒரு நாள் ஆவடி தாண்டும்போது, ஃபோன் ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டுக்கிட்டே வந்த ஒரு விஷயத்தை இயர்ஃபோனைக் கழட்டிட்டு எனக்குச் சொல்ல ஆரம்பிச்சான். அதுதான் மார்கோலின்.

அதுவும் ஆவடி பக்கத்துல. நம்ம ஏரியாவுக்கும் ரஷ்ய மெஷினுக்கும் ரொம்ப நாள் பழக்கம். டாங்க் ஃபேக்டரின்னு நாம சொல்ற ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரியில செஞ்ச டி-72, டி-90 எல்லாமே ரஷ்ய டிசைன்தான். நாம அஜேயா, பீஷ்மான்னு பேர் வச்சுக்கிட்டோம். ரஷ்யச் சாமான்னாலே பார்க்க முரட்டுத்தனமா இருக்கும், அழகு இருக்காது, ஆனா உழைக்கும்னு இங்க ஒரு பேச்சு உண்டு. மார்கோலின் பிஸ்டலையும் உலகம் முழுக்க ஷூட்டர்கள் கிட்டத்தட்ட இப்படித்தான் எடை போட்டாங்க. அது எவ்வளவு தூரம் சரின்னு கடைசியில பாப்போம். முதல்ல ஆள்.

மார்கோலின் பிறந்தது 1906ல. ரஷ்யப் புரட்சி நடந்தப்ப அவருக்கு 11 வயசு. அதுக்கப்புறம் வந்த உள்நாட்டுப் போர் ஒரு தலைமுறைப் பசங்களை மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே ராணுவத்துக்குள்ள இழுத்துக்கிட்டுச்சு. அவரும் போனார். போர் முடிஞ்சதுன்னு பேர்தானே தவிர, தெற்குல, கருங்கடல் ஓரத்து மலைப்பகுதிகள்ல ஆயுதக் கும்பல்களோட சண்டை சில வருஷம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1924ல அப்படி ஒரு சண்டையில தலையில குண்டடி பட்டுச்சு. உயிர் தப்பிடுச்சு, ரெண்டு கண்ணும் போயிடுச்சு. வயசு 18. அந்த வயசுல நாம ஃபர்ஸ்ட் செம் எம்-1 பேப்பர்ல அரியர் விழுந்துடுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்.

என் நண்பனுக்குப் பார்வை மெதுவா, வருஷக்கணக்கா போயிக்கிட்டு இருக்கு. மார்கோலினுக்கு ஒரே நாள்ல. எது பரவாயில்லைன்னு அவன்கிட்ட கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பட்டாபிராம் வர்ற வரைக்கும் அவன் பேசலை.

அந்தக் காலத்து சோவியத் நாட்டுல பார்வை இழந்த ஒரு முன்னாள் சிப்பாய் என்ன செய்வார்? ஒரு பென்ஷன், ஏதாவது கூட்டுறவுப் பட்டறையில ஒரு சின்ன கைவேலை, அவ்வளவுதான் இருந்திருக்கும். இவர் பிடிச்சது வேற வழி. தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒரே பொருள்கிட்ட திரும்பிப் போனார்: துப்பாக்கி. சோவியத்துல அப்ப ஓசோவியாக்கிம்னு ஒரு பெரிய மக்கள் அமைப்பு இருந்துச்சு. பாராசூட், கிளைடர், துப்பாக்கி சுடுறதுன்னு சாதாரண மக்களுக்கு எல்லாம் கத்துக் கொடுக்கும். நம்ம என்சிசியை ஊர் முழுக்க, ஃபேக்டரி முழுக்க விரிச்சா எப்படி இருக்கும், அப்படி. அங்க இளைஞர்களுக்கு ஆயுதங்களைப் பத்திச் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போனார். கிடைச்ச துப்பாக்கியை எல்லாம் விரலாலேயே கழட்டி, விரலாலேயே படிச்சு, திரும்ப மாட்டினார்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. நாம ஒரு மெக்கானிசத்தை எப்படிப் படிக்கிறோம்? யூட்யூப் அனிமேஷன் பாப்போம். கட் செக்‌ஷன் பாப்போம். மொத்தப் படமும் ஒரே நேரத்துல கண்ணுக்குள்ள வந்துடும், அதனால புரிஞ்சுட்டதாவும் நினைச்சுப்போம். விரல் அப்படி இல்ல. விரலுக்கு ஒரு நேரத்துல ஒரு ஓரம், ஒரு துளை, ஒரு சரிவு மட்டும்தான் கிடைக்கும். மிச்சத்தை எல்லாம் மண்டைக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சுக்கணும். அதே சமயம் கண்ணுக்குத் தெரியாத சில விஷயம் விரலுக்குத் தெரியும்: எங்க உரசுது, எங்க ஆட்டம் இருக்கு, ஸ்ப்ரிங் எந்த இடத்துல இறுக ஆரம்பிக்குது, ட்ரிகர் விடுபடுறதுக்கு முன்னாடி எவ்வளவு தூரம் வீணா நகருது.

படிக்கிறதோட அவர் நிக்கலை, டிசைன் பண்ண ஆரம்பிச்சார். சின்ன காலிபர் துப்பாக்கிகள்தான் அவர் எடுத்துக்கிட்டது. நினைச்ச பாகத்தை முதல்ல பிளாஸ்டிசின்ல, அதாவது குழந்தைங்க விளையாடுற களிமண் மாதிரி ஒண்ணுல, பிடிச்சுப் பார்ப்பார். மெழுகு, மரம், அலுமினியம்னு ஒவ்வொண்ணா மாறும். ஒவ்வொரு கட்டத்துலயும் விரல்தான் இன்ஸ்பெக்‌ஷன். வடிவம் சரியா வந்தப்புறம் அளவுகளை வாயால சொல்லுவார், கூட இருக்கிறவங்க டிராயிங் போடுவாங்க. அந்த டிராயிங்கை அவர் பார்க்கவே முடியாது. அது சரியா இருக்கான்னு அவருக்குத் தெரியணும்னா, அதை வச்சு செஞ்ச இரும்பு பாகம் கைக்கு வரணும். நம்ம ப்ராஜெக்ட்ல சாலிட்வொர்க்ஸ்ல ஒரு ஹோலை நகர்த்த மூணு க்ளிக். அவருக்கு ஒரு ஹோலை நகர்த்தணும்னா ஒரு உரையாடல், ஒரு டிராயிங், ஒரு பாகம். இந்த ரேட்ல வேலை நடந்தா ஒரு ஆள் எப்படி டிசைன் பண்ணுவார்? பாகங்களைக் குறைப்பார். நானா சொல்றதுதான் இது, அவர் எங்கயும் எழுதினதா நினைச்சுக்காதீங்க. ஆனா அந்த பிஸ்டலைப் பார்த்தா எனக்கு அப்படித்தான் படுது.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்ச உடனே, 1940களோட பின்பாதியில, அந்த பிஸ்டல் வடிவத்துக்கு வந்துச்சு. 1948 வாக்குல இஷெவ்ஸ்க் நகரத் தொழிற்சாலையில உற்பத்தி. எம்சிஎம்னு சொல்லுவாங்க. காலிபர் 5.6 மி.மீ., நம்ம என்சிசி கேடட்ஸுக்குப் பழக்கமான அதே பாய்ன்ட் டூ டூ. நானும் கேம்ப்ல குப்புறப் படுத்து அந்த ரைஃபிள்ல சுட்டிருக்கேன். அஞ்சு ரவுண்ட், அதுல ரெண்டு பக்கத்து ஆளோட டார்கெட்ல. பிஸ்டலை இதுவரைக்கும் தொட்டதில்ல. நம்ம நாட்டுல அதுக்கு லைசன்ஸ் வேணும், அதனாலதான் இங்க எல்லாரும் ஏர் பிஸ்டல்ல ஆரம்பிக்கிறாங்க.

இப்ப மெக்கானிசம். மெக் இல்லாதவங்க பயப்படாதீங்க, ரெண்டே பத்திதான்.

பாய்ன்ட் டூ டூ தோட்டாவோட ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம். சின்ன விஷயம். அதனால பெரிய ராணுவ பிஸ்டல்ல இருக்கிற மாதிரி பேரலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கிற ஏற்பாடு தேவையில்ல. குண்டு முன்னாடி போகும்போது அதே தள்ளு ஸ்லைடைப் பின்னாடியும் தள்ளும். ஸ்லைடு கனமா இருக்கிறதால மெதுவா கிளம்பும். அது திறக்கிறதுக்குள்ள குண்டு வெளிய போயிடும், அழுத்தம் இறங்கிடும். அப்புறம் காலி கேஸ் வெளிய விழும், ஸ்ப்ரிங் ஸ்லைடைத் திரும்ப முன்னாடி தள்ளும், வர்ற வழியில அடுத்த தோட்டாவை அது பேரலுக்குள்ள ஏத்தும். இதுக்குப் பேர் ப்ளோபேக். நியூட்டனோட மூணாவது விதி, ஒரு கனம், ஒரு ஸ்ப்ரிங். பேரல் ஃப்ரேமோட அசையாம நிக்குது.

இதுவரைக்கும் புதுசு ஒண்ணும் இல்ல, இப்படி நிறைய பிஸ்டல் உண்டு. மார்கோலின் பிஸ்டலோட அடையாளம் அதோட பேக் சைட். சாதாரண பிஸ்டல்ல குறி பார்க்கிற பின் காடி ஸ்லைடு மேல உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஸ்லைடு பின்னாடி ஓடித் திரும்பி வரும், காடியும் அதோட ஓடித் திரும்பி வரும். அது போன இடத்துக்கே அச்சு அசலா திரும்பி வருதான்னு யார் பார்த்தா? ஸ்லைடு ஓடணும்னா கொஞ்சம் க்ளியரன்ஸ் இருந்தே ஆகணும். க்ளியரன்ஸ் இருந்தா ஆட்டம் இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். முன் குறிக்கும் பின் காடிக்கும் இடையில 220 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. டார்கெட் 25 மீட்டர். காடி 0.1 மி.மீ. பக்கவாட்டுல நகர்ந்தா, அதாவது ஒரு தலைமுடி அளவு, டார்கெட்ல 11 மி.மீ. தள்ளிப் போகும். 25 மீட்டர் ப்ரிசிஷன் டார்கெட்ல பத்து மார்க் வட்டத்தோட விட்டம் 50 மி.மீ.தான். நடுவுல இருந்து ஓரத்துக்கு 25. அதுல கிட்டத்தட்ட பாதியை இந்த ஒரு முடி சாப்பிட்டுடும்.

மார்கோலின் அந்தக் காடியை ஸ்லைடு மேல வைக்கவே இல்ல. ஃப்ரேம்ல இருந்து ஒரு சின்னப் பாலம் மேல எழும்பி வரும், அதுமேல காடி. பாலத்துக்கு அடியில ஸ்லைடு ரயில் மாதிரி போய்ட்டு வரும். முன் குறி பேரல் மேல, பின் காடி பாலத்து மேல, ரெண்டும் ஃப்ரேமோட கட்டினது. ஸ்லைடு எவ்வளவு ஆடினாலும் குறி ஆடாது. நம்ம ஸ்டேஷன் ஃபுட் ஓவர் பிரிட்ஜ் நினைச்சுக்கோங்க. அடியில எக்ஸ்பிரஸ் போனா அது அதிரும், ஆனா ரயிலோட சேர்ந்து அரக்கோணம் போயிடாது.

கண்ணு தெரியாத ஒருத்தர் செஞ்ச பிஸ்டல்ல, எல்லாரும் நினைவு வச்சுக்கிட்ட விஷயம் குறி பார்க்கிற பாகம். என் நண்பன் இதைச் சொன்னப்போ நான் ஆச்சரியப்பட்டேன். அவனுக்கு ஆச்சரியம் இல்ல. பார்க்கிறவனுக்கு அந்தக் காடி ஒரு படம், பார்க்காதவனுக்கு அது ஒரு பாகம், எது அசையுது எது அசையலைன்னுதான் அவன் யோசிப்பான். அவன் விளக்கம் அவ்வளவுதான்.

இனி எடை போடுற விஷயத்துக்கு வருவோம். ஸ்போர்ட் ஷூட்டிங்ல ஒரு பிஸ்டல் நல்லதா இல்லையான்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் முதல்ல சொல்றது துல்லியம். ஆனா போட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும், துல்லியம் எல்லாம் பிஸ்டல் வேலை செஞ்சாத்தான். 2021 ஜூலை, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று நடுவுல மனு பாக்கரோட பிஸ்டல்ல கோளாறு. சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள நிமிஷங்கள் போயிடுச்சு. ஃபைனலுக்கு 8 பேர், அவங்க 12வது. நாங்க ஆன்லைன் க்ளாஸ் ஓட விட்டுட்டு பார்த்துக்கிட்டு இருந்தோம். மூணு வருஷம் கழிச்சு பாரீஸ்ல ரெண்டு வெண்கலம் ஜெயிச்சாங்க, அது வேற கதை. அன்னைக்கு முதல் தடவையா எனக்குப் புரிஞ்சது, உறுதின்னா கீழ போட்டா உடையாம இருக்கிறது மட்டும் இல்ல.

பாய்ன்ட் டூ டூல இந்தப் பிரச்சினை இன்னும் மோசம். அந்தத் தோட்டா ஒரு அழுக்கு மூட்டை. ஈயக் குண்டு மேல மெழுகு இல்லைன்னா க்ரீஸ் பூச்சு. உள்ள கரி. பத்த வைக்கிற மருந்து கேஸோட விளிம்புல இருக்கு. நூறு இருநூறு ரவுண்ட் சுட்டா உள்ள எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். ரொம்ப டைட்டா செஞ்ச ஒரு அழகான பிஸ்டல் அங்க திணறும். லூசா செஞ்சா திணறாது, ஆனா துல்லியம் போகும். இங்கதான் அந்தப் பாலத்தோட இன்னொரு பலன். குறி ஸ்லைடை நம்பி இல்லாததால, ஸ்லைடுக்கு ஓடுறதுக்குத் தாராளமா இடம் விடலாம். அழுக்கு சேர்ந்தாலும் ஓடும். எங்க இறுக்கமா இருக்கணுமோ அங்க இறுக்கம், எங்க தேவையில்லையோ அங்க விட்டுடு. டாலரன்ஸ் பாடத்துல நாம ரெண்டு மார்க்குக்கு எழுதுற விஷயம்தான்.

சோவியத் கிளப்புகளுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். ஒரு பிஸ்டலை ஒரு நாளைக்குப் பல பேர் எடுத்துச் சுடுவாங்க, யாரும் தன் சொந்தப் பொருள் மாதிரி பார்த்துக்க மாட்டாங்க. நம்ம ஃபிட்டிங் லேப் ஃபைல், ஹாக்ஸா மாதிரி. அதைத் தாங்கணும், புதுசா கத்துக்கிறவன் கையில கூட நேரா சுடணும், பணமும் அதிகம் ஆகக் கூடாது. அது தாங்குச்சு. பல வருஷம் உற்பத்தியில இருந்துச்சு, வெளிநாட்டுக்கும் வோஸ்தோக்ங்கிற பேர்ல போச்சு.

குறையும் சொல்லணும், இல்லைன்னா இது விளம்பரம் ஆயிடும். பார்க்க அது அழகில்ல. இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி பிஸ்டல்களோட ட்ரிகர் பக்கத்துல வச்சா மார்கோலின் ட்ரிகர் ஒரு படி கீழதான். இன்னைக்கு ஒலிம்பிக் ஃபைனல்ல அதை எடுத்துக்கிட்டு யாரும் நிக்க மாட்டாங்க. இப்ப அது ஆரம்பிக்கிறவங்களுக்கும் பழசை மதிக்கிறவங்களுக்கும்தான். ஆனா ஒரு காலத்துல அது உச்சிக்கும் போயிருக்கு.

25 மீட்டர் ரேபிட் ஃபயர்னு ஒரு போட்டி இருக்கு. 2012 லண்டன்ல நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கினாரே, அது. பக்கத்துப் பக்கத்துல அஞ்சு டார்கெட், ஒவ்வொண்ணுலயும் ஒரு குண்டு. முதல்ல 8 செகண்ட், அப்புறம் 6, அப்புறம் 4. நாலு செகண்டுக்குள்ள கையைத் தூக்கி அஞ்சு தடவை குறி பார்த்துச் சுடணும். 1948லயும் 1952லயும் இதுல தங்கம் வாங்கினவர் ஹங்கேரியோட கரோய் தகாச். 1938ல கையெறி குண்டு வெடிச்சு வலது கை போய், இடது கையால சுடக் கத்துக்கிட்டவர். யோசிச்சுப் பாருங்க, அதே காலத்துல கையில்லாத ஒருத்தர் சுடுறார், கண்ணில்லாத ஒருத்தர் பிஸ்டல் செய்யறார்.

1952லதான் சோவியத் முதல் தடவையா ஒலிம்பிக்ஸுக்கே வந்துச்சு. 1954ல வெனிசுவேலாவோட கராகஸ் நகரத்துல உலக ஷூட்டிங் சாம்பியன்ஷிப். சோவியத் வீரர்கள் மார்கோலின் பிஸ்டல்களோட போனாங்க, ரேபிட் ஃபயர்ல நிக்கொலாய் கலினிச்சென்கோ ஜெயிச்சார். அதுக்கப்புறம்தான் வெளி உலகம் அந்தப் பாலம் வச்ச பிஸ்டலை உத்துப் பார்க்க ஆரம்பிச்சுச்சு.

அடுத்தது எனக்குப் பிடிச்ச பகுதி. சுடும்போது பிஸ்டல் முனை ஏன் மேல தூக்குது? பேரல் கைக்கு மேல இருக்கு. பின்னடிப்பு விசை பேரல் நேர்கோட்டுல வருது, மணிக்கட்டு அதுக்குக் கீழ இருக்கு. விசை பெருக்கல் தூரம், மொமென்ட், எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் முதல் யூனிட். தூரத்தைப் பூஜ்யம் ஆக்கிட்டா? துலா நகரத்து டிசைனர்கள் மார்கோலின் பிஸ்டலை அடிப்படையா வச்சு அதைத் தலைகீழாத் திருப்பினாங்க. பேரல் கீழ இறங்கி, கையோட நேர்கோட்டுக்கே வந்துடுச்சு. முனை தூக்குறது கிட்டத்தட்ட நின்னுடுச்சு, அடுத்த டார்கெட்டுக்குக் கை அப்படியே நகரும். எம்சி-3 ரெக்கார்டுன்னு பேர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் சமயத்துல இந்தத் தலைகீழ் பிஸ்டல்தான் பேச்சு, எவ்கேனி செர்காசொவ் ரேபிட் ஃபயர்ல வெள்ளி வாங்கினார். அப்புறம் சர்வதேச அமைப்பு விதியை மாத்திடுச்சு. இன்னைக்கும் ரூல் புக்ல இருக்கு: பேரலோட மையக்கோடு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற இடத்துக்கு மேலதான் போகணும். பிஸ்டல் மொத்தமும் 300, 150, 50 மி.மீ. பெட்டிக்குள்ள அடங்கணும்னும் ஒரு விதி. நல்ல டிசைனுக்குக் கிடைக்கிற பரிசு சில சமயம் தடை உத்தரவுதான் போல.

மார்கோலின் 1975ல இறந்தார். கடைசி வரைக்கும் அவர் செஞ்ச பிஸ்டல் எப்படி இருக்கும்னு அவர் பார்த்ததில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு, 1977ல ஸ்டார் வார்ஸ் முதல் படம் வந்துச்சு. அதுல இளவரசி லேயா கையில ஒரு சின்ன ப்ளாஸ்டர் இருக்கும்ல, அது மார்கோலின் பிஸ்டல் மேல சாமான் ஒட்டிச் செஞ்சது. நீங்க எல்லாரும் அதை ஏற்கனவே பார்த்திருக்கீங்க, பேர்தான் தெரியாது.

இதை எழுதுறதுக்கு முன்னாடி அந்தப் பாலத்தை எனக்கே சரியாப் புரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. ஸ்டேஷனரி கடையில குழந்தைங்க களிமண் ரெண்டு பாக்கெட் வாங்கி, சுடாத, சும்மா வடிவம் மட்டும் இருக்கிற மாடல் ஒண்ணு செஞ்சேன். ஃப்ரேம், பேரலுக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா மூடி, ஸ்லைடு, மேல பாலம். ஃபோட்டோவைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சது, நல்லாவே வந்திருக்குன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷன் ரெண்டாவது பிளாட்ஃபாரம் பெஞ்சுல நண்பன் கையில கொடுத்தேன்.

ரொம்ப நேரம் தடவிப் பார்த்தான். பாலத்துக்கு அடியில சுண்டு விரலை விட்டான். ஸ்லைடைப் பின்னாடி இழுத்தான், ரெண்டு பக்கமும் கட்டை விரலை ஓட்டினான், மறுபடி இழுத்தான். அப்புறம் காலி கேஸ் எந்த வழியா வெளிய போகும்னு கேட்டான். நான் மாடலைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஸ்லைடோட வலது பக்கம் ஜன்னல் வெட்ட மறந்துட்டேன். நாலு நாளா அதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கேன். பென்சில் பாக்ஸ்ல ப்ளேடு இருந்துச்சு, அங்கேயே வெட்டினோம். அளவு அவன்தான் சொன்னான்.